நீதிபதி மறைந்தபின் அவர் மனைவிக்கு என்ன நீதி? - குடும்ப ஓய்வூதியத்தின் கதை



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களும்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாட்டின் வரலாறு அதன் சட்டப் புத்தகங்களிலும், சம்பளப் பட்டியல்களிலும், ஓய்வூதிய விதிகளிலுங்கூட எழுதப்பட்டிருக்கின்றது. இம்முறை அத்தகைய வரலாறு ஒன்றையே எடுத்துக்கொள்கின்றேன். பிறருக்கு நீதி வழங்கிய நீதிபதி ஒருவர் ஓய்வு பெறுகிறார், பின்னர் மறைகிறார். அவரை நம்பி வாழ்ந்த குடும்பத்திற்கு அரசு என்ன தருகின்றது? எந்த அளவுகோலால் தருகின்றது? அந்த அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றுதானா?

இது நீதிபதிகளின் வீட்டுக் கதைதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. ஆசிரியர்களாகிய நமக்கும் நம் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு.

கருணையாகத் தொடங்கியது

ஓய்வூதியம் என்பது பழங்காலத்தில் அரசன் மனமுவந்து அளித்த கொடை. கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிடில் நிறுத்துவார். கேட்பதற்கு ஒருவருக்கும் உரிமையில்லை. பணியாளர் மறைந்தால் அந்தக் கொடையும் அவரோடு மறைந்துவிடும். மனைவி மக்களின் நிலை உறவினர் கையில்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை சற்றே மாறியது. இலங்கையில் 1898ஆம் ஆண்டில் கைம்பெண்கள், அநாதைகள் ஓய்வூதிய நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சிக்குள் இருந்த காலத்தில், 1904இல் அதே பெயருடைய சட்டம் இங்கும் தோன்றியது. நம் செபராங் பிறையும் அந்த ஆட்சிக்கு உட்பட்ட நிலமே. அரசு அலுவலர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலுத்துவார். அவர் மறைந்தபின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் திங்கள்தோறும் ஒரு தொகை கிடைக்கும். கருணை சந்தாவாக மாறிய காலம் அது.

இச்சட்டங்களின் பெயரைக் கூர்ந்து நோக்குங்கள். கைம்பெண் இருக்கின்றாள், அநாதைக் குழந்தை இருக்கின்றது. மனைவியை இழந்த கணவன் இல்லை. சம்பாதிப்பவன் ஆண், அவனை நம்பி வாழ்பவள் பெண் என்ற எண்ணமே சட்டத்தின் அடித்தளமாக அமைந்தது. பெண் அலுவலரின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கும் தனிச்சட்டம் இலங்கையில் 1983ஆம் ஆண்டில்தான் வந்தது. முதற்சட்டத்திற்கும் அதற்கும் இடையே 85 ஆண்டுகள்!

நம் நாட்டு ஆசிரியைகளின் நிலை என்ன? ஒரு காலத்தில் திருமணமான ஆசிரியைகள் நிரந்தரப் பணியிலிருந்து நீங்கி, மாதக் கணக்கில் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியைகளாகவே பணிபுரிய நேர்ந்தது. சம்பளமும் ஆண்களைவிடக் குறைவு, ஓய்வூதியமும் கிடையாது. 1960இல் உருவான பெண் ஆசிரியர் சங்கம் இந்த அநீதியை எதிர்த்துப் போராடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ராசம்மா பூபாலன் அவர்கள். பினாங்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியிலும் ஆசிரியையாக இருந்தவர் அவர். இன்று ஓர் ஆசிரியை தம் பெயரில் ஓய்வூதியம் பெறுகிறார் என்றால், அதன் பின்னால் இத்தகைய போராட்டம் இருக்கின்றது.

கருணை உரிமையாக மாறியது

இந்தியாவில் நடந்த வழக்குகள் இந்த வரலாற்றின் அடுத்த படிகள். 1971இல் தேவகிநந்தன் பிரசாத் என்பவர் பீகார் மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய உண்மையை நிலைநாட்டியது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையன்று. உழைத்தவரின் சொத்துரிமை என்பதே அது. அவர் கல்வித்துறையில் பணியாற்றியவர் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அடுத்து வந்தது நகரா வழக்கு. 1979 மார்ச் 31 என்ற நாளை அரசு ஒரு கோடாகக் கிழித்தது. அந்நாளிலோ அதன் பின்னரோ ஓய்வு பெற்றவர்க்குத் திருத்திய, உயர்ந்த ஓய்வூதியம். அதற்கு முன்னர் ஓய்வு பெற்றவர்க்குப் பழைய, குறைந்த ஓய்வூதியம். ஒரே நாற்காலியில் அமர்ந்து ஒரே பணியைச் செய்த இருவரை ஒரு நாள்காட்டித் தாள் பிரித்துவிட்டது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1982 டிசம்பர் 17இல் இதனைத் தகர்த்தது. அந்த நாளை இந்தியாவில் ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

நகரா வழக்கு ஓய்வு பெற்றவருக்கு வழி திறந்தது. அவர் மனைவிக்கு? இந்தியாவில் மைய அரசு அலுவலர்களுக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964 ஜனவரி 1இல் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களின் மனைவியர் திட்டத்திற்கு வெளியே நின்றனர். திட்டத்தில் சேரப் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாத ஊதியத்திற்கு ஈடான தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1977 செப்டம்பர் 22இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஆனால், பழைய கைம்பெண்கள் வெளியே நின்றது நின்றதுதான். பூனமாள் என்னும் பெண்மணியும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 1985இல் தீர்ப்பு வந்தது: அவர்களுக்கும் அதே 1977 செப்டம்பர் 22 முதல் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

இன்னொரு வழக்கும் நினைவுகூரத்தக்கது. இரயில்வே ஊழியர் ஒருவர் மறைந்தபின் அவருடைய உயிலைக் காட்டி, பணப்பயன்கள் தமக்கே உரியவை என்றார் அவருடைய சகோதரர். மனைவி வயலட் ஐசக் வழக்காடினார். குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தன்று, அதனை உயில் எழுதிப் பிறருக்குக் கொடுக்க இயலாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்ப ஓய்வூதியம் கணவரின் சொத்திலிருந்து மனைவிக்குச் சிந்தும் துளியன்று. அது அவருடைய தனியுரிமை.

இந்தக் கருத்தின் அருமையை உணர 1856ஆம் ஆண்டின் இந்து விதவை மறுமணச் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சட்டம் மறுமணத்திற்கு அனுமதி தந்தது. ஆனால், மறுமணம் செய்தவள் முதற்கணவனின் சொத்தில் கொண்டிருந்த உரிமையைப் பறித்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளும் இவ்வழக்கம் பல நாடுகளின் ஓய்வூதிய விதிகளிலும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமணம் புரிந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற விதி அதன் வழித்தோன்றலே.

நீதிபதிகளுக்கு ஏன் தனி விதி?

பிற அலுவலர்க்கு ஒரு விதி, நீதிபதிகளுக்கு வேறு விதி என்பது சரியா என்று கேட்கலாம். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, நீதித்துறையின் சுதந்திரம். இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டின் அரசுரிமைச் சட்டம் நீதிபதிகளின் சம்பளம் உறுதி செய்யப்பட வேண்டும் என்றது. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் தீர்ப்பையும் கையில் வைத்திருப்பார் என்ற அச்சமே அதற்குக் காரணம். நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், நியமனம் பெற்ற நீதிபதியின் சம்பளத்தையோ ஓய்வூதிய உரிமையையோ அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கின்றது.

இரண்டாவது, பணிக்காலத்தின் அளவு. ஆசிரியர் இருபது வயதுகளில் பணியில் சேர்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுகிறார். வழக்கறிஞராக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதியாகிறவரோ பெரும்பாலும் நாற்பதைக் கடந்தபின்தான் அந்நிலையை அடைகிறார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் ஓய்வு பெறுகிறார். ஆண்டுக் கணக்கை மட்டுமே பார்த்தால் அவருடைய ஓய்வூதியம் மிகச் சிறிதாகிவிடும்.

மூன்றாவது, ஓய்வுக்குப் பின்னுள்ள தடைகள். இந்தியாவில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் தாம் பணியாற்றிய நீதிமன்றத்தில் மீண்டும் வழக்காட முடியாது.

ஆகவே, தனி விதி வேண்டும் என்பது நியாயமே. ஆனால், நீதிபதிகளுக்குள்ளேயே வேறுபாடு தோன்றியபோதுதான் சிக்கல் எழுந்தது.

ஒரே நீதிமன்றம், வெவ்வேறு ஓய்வூதியம்

இந்தியாவின் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான ஊதியச் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அந்த நீதிமன்றத்திற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று வழக்கறிஞர் வாயில்; மற்றொன்று மாவட்ட நீதிபதி வாயில். உள்ளே சென்றபின் இருவரும் ஒரே அங்கியை அணிகின்றனர். ஒரே அமர்வில் இருந்து தீர்ப்புச் சொல்கின்றனர். வெளியே வரும்போது மட்டும் ஓய்வூதியம் வேறு வேறு! மாவட்ட நீதிமன்றத்தில் கழித்த நீண்ட ஆண்டுகளும் சேர்க்கப்பட்டதால் ஒருவர்க்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. வழக்கறிஞராகக் கழித்த ஆண்டுகள் கணக்கில் வாராமையால் மற்றவர்க்குக் குறைந்தது.

2014 மார்ச் 31இல் இராமகிருஷ்ணம் ராஜு வழக்கில் இதற்குத் தீர்வு வந்தது. வழக்கறிஞர் தொழிலில் செலவிட்ட காலத்திற்காகப் பத்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது 2004 ஏப்ரல் 1 முதல் செல்லும் என்றது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஈரோடு மாவட்டத்துத் தமிழரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் அவர்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கொள்கை நீதிபதிகளுக்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அத்துடன் முடியவில்லை. மாவட்டப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, சில மாத இடைவெளிக்குப்பின் உயர் நீதிமன்றத்திற்கு வந்தவர்க்கு அந்த இடைவெளியே பகையாயிற்று. புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தபின் மாவட்ட நீதித்துறையில் சேர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம் உண்டா என்ற ஐயம் எழுந்தது. நிரந்தரமாக்கப்படுமுன்னரே ஓய்வு பெற்ற கூடுதல் நீதிபதிகளுக்கு முழு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் சிலர் மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் மட்டுமே பெறுகின்றனர் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே வருந்தியது.

இவற்றுள் மிகவும் துயரமானது கூடுதல் நீதிபதியின் மனைவியின் நிலை. கூடுதல் நீதிபதி என்பவர் வேலைப்பளுவைக் குறைக்க இரண்டாண்டு வரை நியமிக்கப்படுபவர். அவர் எழுதும் தீர்ப்புக்கும் நிரந்தர நீதிபதி எழுதும் தீர்ப்புக்கும் அதிகாரத்தில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஆயினும், அவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் சென்ற மனைவியிடம், "உங்கள் கணவர் நிரந்தரம் அல்லர்" என்ற காரணம் காட்டப்பட்டது.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு

2025 மே 19இல் தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான மூவர் அமர்வு இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் ஒருங்கே விடை கூறியது. அதன் முக்கியக் கூறுகள்:

* எந்த வாயில் வழியாக வந்தாலும், எத்தனை ஆண்டு பணியாற்றினாலும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் அனைவர்க்கும் முழு ஓய்வூதியம். நீதிபதிகளுக்கு ஆண்டுக்கு 13.5 இலட்சம் ரூபாய். தலைமை நீதிபதிகளாக இருந்தவர்க்கு 15 இலட்சம் ரூபாய்.
* பணி இடைவெளியோ, புதிய ஓய்வூதியத் திட்டமோ இதற்குத் தடையாகாது.
* கூடுதல் நீதிபதிக்கும் நிரந்தர நீதிபதிக்கும் ஓய்வூதியத்தில் வேறுபாடு இல்லை.
* பணியிலிருக்கும்போது மறைந்தவர் நிரந்தரரோ கூடுதலோ, அவர் மனைவிக்கும் குடும்பத்திற்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு.
* அவ்வாறு மறைந்தவரின் பணிக்காலத்துடன் பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பணிக்கொடை வழங்க வேண்டும். குறைந்தபட்சப் பணிக்காலம் நிறைவடையவில்லை என்று மறுக்கலாகாது.

உயர் நீதிமன்ற நீதிபதி என்பது அரசியலமைப்புப் பதவி. அப்பதவியில் இருந்தோரைப் பணி முடிந்தபின் தரம் பிரிப்பது சமத்துவம் ஆகாது என்பதே இதன் அடிப்படை. 1982இல் ஒரு நாளைக் கோடாகக் கிழித்தது தவறானால், 2025இல் ஒரு வாயிலைக் கோடாகக் கிழிப்பதும் தவறே.

ஓர் ஐயம்

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "நீதிபதிகளின் ஓய்வூதியத்தை நீதிபதிகளே தீர்மானிக்கலாமா? தன் வழக்கில் தானே நீதிபதியாகலாமா?" கேட்கத்தக்க கேள்விதான். வேறு வழியில்லாதபோது நீதிமன்றம் விசாரிக்கத்தான் வேண்டும் என்பது சட்ட மரபு. நீதிபதிகள் விலகிக்கொண்டால் அவ்வழக்கைக் கேட்க உலகில் எவருமில்லை. பிரிட்டனிலும் இத்தகைய வழக்குகள் நடந்துள்ளன. ஓய்வூதிய மாற்றத்தில் வயது மூத்த நீதிபதிகளைப் பாதுகாத்து இளையவர்களைக் கைவிட்டது வயதுப் பாகுபாடு என்று 2018இல் அங்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், சட்ட மரபு மட்டும் மக்களின் மனத்தை நிறைவு செய்யாது. நீதிபதிகள் தமக்கென வகுத்துக்கொண்ட அளவுகோலைச் சாதாரண ஊழியரின் வழக்கிலும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் அத்தீர்ப்பு சலுகையாகத் தோன்றாது, நீதியாகத் தோன்றும். "பத்தாண்டு சேர்த்துக்கொள்" என்ற கனிவு நீதிபதியின் மனைவிக்குக் கிடைத்ததுபோல, தற்காலிகப் பணியிலேயே காலம் கழித்து மறைந்த கடைநிலை ஊழியரின் மனைவிக்கும் கிடைக்குமா? இக்கேள்விக்கான விடைதான் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உண்மையான மதிப்பைக் காட்டும்.

நம் நாட்டின் அனுபவம்

1988ஆம் ஆண்டின் நீதித்துறை நெருக்கடியை மூத்தவர்கள் அறிவர். அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வான் சுலைமான், ஜார்ஜ் சியா ஆகியோரும் நீக்கப்பட்டனர். வேறு மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டுப் பின்னர்ப் பணிக்குத் திரும்பினர். அவர்களுள் ஒருவர் பினாங்கில் பிறந்த யூசுப் அப்துல்காதர், 1996இல் மறைந்தார்.

2008 ஏப்ரல் 17இல் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி, அந்த ஆறு நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை வழங்கப்படும் என்று அறிவித்தார். இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. சிலர் உயிரோடில்லை, தொகை குடும்பத்தாரைத்தான் சேர வேண்டியிருந்தது. அது வரவேற்கத்தக்க செயல். ஆயினும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது கருணைத்தொகை என்ற பெயரில் வந்தது. உரிமை என்ற பெயரில் வரவில்லை. அரசு முறைப்படி மன்னிப்பும் கோரவில்லை. நூறாண்டு நடந்து உரிமையாக வளர்ந்த ஓய்வூதியம், நீதிபதியின் குடும்பத்திற்கே மீண்டும் கருணையாக வந்து நின்றது.

பொது ஊழியர்களின் கதையும் உண்டு. அரசியலமைப்பின் 147ஆம் பிரிவு, ஊழியருக்கும் அவர் மறைந்தபின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய ஓய்வூதியத்தைப் பாதுகாக்கின்றது. பின்னர் வரும் சட்டம் அவர்களுக்குப் பாதகமாக அமையக்கூடாது. முன்னர், பணியிலிருப்போரின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை மாற்றி, ஆண்டுக்கு 2 விழுக்காட்டு உயர்வைக் கொண்டுவந்தது. வெளியுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அமினா அகமட் என்பவர் தமக்காகவும் மற்ற ஓய்வூதியர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023 ஜூன் 27இல் கூட்டரசு நீதிமன்றமும் அம்மாற்றம் செல்லாது என்றன. ஓர் ஓய்வு பெற்ற பெண்மணி தொடுத்த வழக்கு, நாடு முழுவதிலுமுள்ள ஓய்வூதியர்களுக்குப் பொருளுடையதாயிற்று.

நம் சிம்பாங் அம்பாட், பத்து காவான் வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்க்கு இவற்றுள் எதுவும் இருந்ததில்லை. ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. அது மொத்தத் தொகை. உழைத்தவர் மறைந்தபின் மனைவிக்கு மாதந்தோறும் தொகை வழங்கும் சொக்சோ பாதுகாப்புக்கு 1969ஆம் ஆண்டின் சட்டம் தேவைப்பட்டது. பால்மரம் வெட்டியவரின் மனைவியையும், நீதிபதியின் மனைவியையும் ஒரே வரியில் வைத்துப் பார்க்கும்போதுதான் நியாயம் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கின்றது என்பது விளங்கும்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

ஒன்று: திருமணப் பதிவு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதன்பின் நடைபெறும் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டியதும், மண்டபத்தில் ஆயிரம் பேர் வாழ்த்தியதும் அலுவலக மேசையில் சான்றாக மாட்டா. பதிவுத்தாள் இல்லாத மனைவி, கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கோருவது பெரும்பாடு.

இரண்டு: பணிக்குறிப்பேடு. மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோரின் விவரங்கள் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்பதைப் பணியிலிருக்கும்போதே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னர் அலைச்சல்தான்.

மூன்று: இளைய ஆசிரியர்கள் தங்கள் நியமன விதிகளை நன்கு படித்தறிய வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமனம் பெறும் அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியத்திற்குப் பதிலாகச் சேமநிதி என்று அவ்வாண்டு ஜனவரியில் அரசு அறிவித்தது. இதனால் ஒரே ஆசிரியர் அறையில் ஓய்வூதியம் உடையவரும் இல்லாதவரும் அருகருகே அமர்வர். மீண்டும் ஒரு நாள், ஒரு கோடு! நாட்டின் நிதிச்சுமை உண்மையானதே. ஆயினும், சேமநிதித் தொகை தீர்ந்தபின் முதிய மனைவியோ கணவரோ எவ்வாறு வாழ்வார் என்பதும் உண்மையான கேள்வியே. ஆசிரியர் சங்கங்கள் இதனைக் கணக்குப் போட்டுப் பார்த்து அரசிடம் எடுத்துரைக்க வேண்டும்.

அன்பர்களே, ஒரு விதி நியாயமானதா என்பதை அறிய அதன் முதற்பக்கத்தைப் படித்தால் போதாது. அது யாரை வெளியே நிறுத்துகின்றது என்று பார்க்க வேண்டும். 1964க்கு முந்தைய கைம்பெண்ணையும், திருமணமான ஆசிரியையையும், கூடுதல் நீதிபதியின் மனைவியையும் வெளியே நிறுத்திய விதிகள் அனைத்தும், எழுதப்பட்ட காலத்தில் எழுதியவர்க்கு ஒழுங்காகவே தோன்றின. வெளியே நின்றவர்கள் கேள்வி கேட்டபின்னரே அவை திருத்தப்பட்டன. கேள்வி கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.

உங்கள் கருத்துகளையும், உங்கள் குடும்பத்து மூத்தவர்களின் அனுபவங்களையும் எழுதுங்கள், அவையும் வரலாறுதாம்.